ஓடிப்போனது வேட்பாளர், தண்டனை யாருக்கு?



இந்தூர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது பொது அறிவுப் போட்டிக் கேள்விதான். ‘இந்தியாவின் தூய்மையான நகரம் எது?’ மத்தியப் பிரதேசத்தில் உள்ள அந்த ஊரில் 2024 மக்களவைத் தேர்தலின்போது நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் நான் ஆள் இல்லை. எனக்கு இன்னும் ஓட்டே வரலை!

அங்கே காங்கிரஸ் வேட்பாளர் அக்‌ஷய் காந்தி பாம். ஏப்ரல் 29, மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். அன்றைக்குப் போய் வாபஸ் வாங்கிவிட்டு பா.ஜ.க. பக்கம் போய்விட்டார். இலை போட்டு உட்கார வெச்சுட்டு சோறு இல்லைன்னு சொன்ன கதைதான்! வேறு ஆளை நிறுத்தவும் கட்சிக்கு வழியில்லை. மாற்று வேட்பாளரின் மனு (நம்ம ஊர்ல ‘டம்மி’ன்னு சொல்வாங்களே) பரிசீலனையிலேயே தள்ளுபடி ஆகியிருந்தது.

மே 13 ஓட்டுப்பதிவு. ‘நோட்டா’வை அழுத்துங்கள் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. ஜூன் 4-ல் எண்ணினால், நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு! அதற்கு முன் ஒரு தொகுதியில் அதிகமாக விழுந்தது 2019-ல் பீகாரின் கோபால்கஞ்சில், 51,660. இந்தூரில் பா.ஜ.க. வேட்பாளர் சங்கர் லால்வானி 12,26,751 ஓட்டு வாங்கினார். இரண்டாவது வந்த பகுஜன் சமாஜ் வேட்பாளருக்கு 51,659தான். மனிதர்களை எல்லாம் தாண்டி ஒரு பட்டன் இரண்டாம் இடம்! ஆனா பிரயோஜனம்? நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்ததாக அர்த்தம். கோபத்தைக் காட்டலாம், அவ்வளவுதான்.

அங்கேயாவது காட்ட முடிந்தது. அதே தேர்தலில் குஜராத்தின் சூரத்தில் காங்கிரஸ் மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் எல்லாரும் வாபஸ் வாங்கியதால் ஏப்ரல் 22-லேயே பா.ஜ.க.வின் முகேஷ் தலால் போட்டியின்றித் தேர்வு. ஓட்டுச்சாவடியே இல்லை, நோட்டா எங்கே?

என் கருத்து இதுதான். வாபஸ் வாங்குவது வேட்பாளரின் உரிமை, அதைத் தடுக்கக் கூடாது. மிரட்டலோ உடம்பு சரியில்லையோ, ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் காலியான இடத்தில் கட்சி வேறு ஆளைப் போட ஏன் விடக்கூடாது? 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் ஓட்டுப்பதிவுக்கு முன் இறந்துவிட்டால் தேர்தலைத் தள்ளிவைத்து, புது ஆளை நிறுத்த அந்தக் கட்சிக்கு 7 நாள் தருகிறார்கள். செத்துப்போனால் வழி இருக்கு, ஓடிப்போனால் இல்லை!

இதை என் தோழியிடம் சொன்னேன். “தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தது கட்சிதானே, அனுபவிக்கட்டும்டி” என்றாள். கட்சி அனுபவிக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. இந்தூரில் ஓட்டு உள்ளவர்கள் சுமார் 25 லட்சம் பேர், அவங்க என்ன பண்ணாங்க? “அப்புறம் வேணும்னே வாபஸ் வாங்கித் தேர்தலை இழுத்தடிப்பாங்களே” என்றும் கேட்டாள். நல்ல கேள்விதான். அதனால்தான் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டாம் என்கிறேன். 7 நாள்கூட வேண்டாம், 3 நாள் கொடுத்தால் போதும். இந்தூரில் வாபஸுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே முழுசா 14 நாள் இருந்தது.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி