உள்ளே எட்டிப் பாருங்கள்

ஃபிஜித் தீவுகளின் பழைய இரட்டை ஓடப் பாய்க்கலமான ட்ருவா ஒன்றை முழு அளவில் பார்க்க ஆசைப்பட்டால் சுவாவிலுள்ள ஃபிஜி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1913இல் கட்டிய ‘ராத்து ஃபினாவ்’ அங்கே இருக்கிறது. நீளம் 13 மீட்டருக்குச் சற்று மேல். அந்தக் குலத்தில் இது சிறியதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஃபிஜியில் இருந்த பாதிரியார் தாமஸ் வில்லியம்ஸ் குறித்துவைத்த ‘ரூசா இ வனுவா’ என்ற ட்ருவாவின் நீளம் 118 அடி.

நம்மில் பலருக்கு ட்ருவாவின் மாதிரிகள்தான் பார்க்கக் கிடைக்கும். மரத்தைக் குடைந்து, நார் கட்டி, ஓலைப் பாய் ஏற்றிக் கையால் செய்தவை. அவற்றைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒழுங்காகச் செய்த மாதிரிக்குள் கலம் கட்டும் வித்தை முழுதும் இருக்கிறது.

முதலில் நான் பார்ப்பது இரண்டு ஓடங்களின் அளவை. ட்ருவாவில் ஒன்று பெரியது, மற்றது சிறியது. இரண்டையும் சேர்த்து மேலே தளம். சிறிய ஓடம் எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் எதிர்காற்றில் திசை மாற்றும்போது ட்ருவா மற்றப் பாய்க்கலங்களைப்போல் முகத்தைத் திருப்பாது. பாயின் கீழ்முனையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆட்கள் தூக்கிப்போவார்கள். பாய்மரம் அந்தப் பக்கம் சாயும். சுக்கான் துடுப்பு எதிர்முனைக்கு மாறும். அதுவரை அணியமாக இருந்தது அமரமாகிவிடும்! ஆகவே இரண்டு கோடிகளும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு முனை கூர், மறுமுனை மொட்டை என்றிருந்தாலோ, ஓடங்கள் இரண்டும் சம அளவில் இருந்தாலோ, பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் அது ட்ருவா அல்ல.

அடுத்து, தளத்துக்குக் கீழே ஓடத்தின் உட்பக்கம். ஃபிஜித் தச்சர்களின் பெருமையே அங்கேதான். பலகையைச் செதுக்கும்போதே உட்புற ஓரத்தில் ஒரு விளிம்பை விட்டுவைப்பார்கள். இரண்டு பலகைகளின் விளிம்புகளிலும் துளையிட்டு, மங்கிமங்கி என்ற தென்னைநார்க் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கட்டுக்கடியில் ஆப்பு இறுக்குவார்கள். இடுக்கில் ஈரப்பலா மரத்துப் பிசின். கட்டு முழுவதும் உள்ளேயே முடிந்துவிடுவதால் வெளிப்புறம் வழவழவென்று இருக்கும்; தண்ணீருக்குத் தடையில்லை. ஆணி ஒன்றுகூடக் கிடையாது.

மாதிரி செய்பவரின் பாடு இங்கேதான் தொடங்குகிறது. மரத்தைச் சுருக்கலாம், நாரைச் சுருக்க முடியுமா? இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நான்கு மில்லிமீட்டர் கயிறு மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் ஆக வேண்டும். தேங்காய் நாரைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்தால்தான் அதற்குப் பக்கத்திலாவது வர முடியும். தாழை ஓலைப் பாயின் பின்னலுக்கும் இதே சங்கடம். சிலர் கட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்கள், அதில் குறையில்லை. கட்டுக்குப் பதில் பசை தடவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பசையால் ஒட்டியவருக்கு நாளை பெரிய கலத்தைக் கட்டத் தெரியாது. நாரால் கட்டியவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

ஃபிஜியில் பெரிய கலங்களுக்குப் பேர்போனவை லாவ் தீவுக்கூட்டத்தின் கம்பாராவும் ஃபுலாங்காவும். வெஸி என்ற வைரம் பாய்ந்த மரம் அங்கே விளைந்தது. அந்த மரத்தைத் தேடி டோங்காக்காரர்கள் கடல் கடந்து வந்தார்கள். சமோவா வழிவந்த தச்சர் குடியும் கம்பாராவில் நிலைத்தது. பின்னர் ஐரோப்பியப் படகுகள் வந்தன, பெரிய ட்ருவா கட்டுவது நின்றுபோனது. ஆனாலும் கை மறந்துவிடவில்லை. 2016இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் நடந்த ஃபிஜிக் கலைக் கண்காட்சிக்காக எட்டு மீட்டர் ட்ருவா ஒன்றை, உலோகமே சேர்க்காமல், ஃபிஜியில் புதிதாகக் கட்டி அனுப்பினார்கள்.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 19ஆம் நூற்றாண்டு மாதிரிகள் இருக்கின்றன. அவற்றைப் பக்கவாட்டில் படமெடுத்துப் போட்டால் போதாது. தளத்துக்குக் கீழே விளக்கைக் காட்டி, ஒவ்வொரு கட்டையும் படமெடுத்து, லாவ் தீவுத் தச்சர்களின் கைக்கு அந்தப் படங்களைக் கொண்டுசேர்க்க வேண்டும்.