கான்கிரீட் கூரை போட்டால் காசநோய் போய்விடுமா?

சென்னையில் கூவம் கரையில் கொசுக்கடியில் கிடந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு, குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை கொடுத்தாயிற்று. இனி ஆரோக்கியத்துக்கு என்ன குறை? அவர்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. தனிக் கழிப்பறை பெரிய விஷயம்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. ஆனால் வீடு கிடைத்துவிட்டால் நோய் தானே விலகிவிடும் என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

மும்பையின் கோவண்டி, மான்கூர்ட் பகுதியில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி.பி. காலனி என்று மூன்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உண்டு. மூன்றும் ஒரே வட்டாரம், மூன்றும் கான்கிரீட். ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ என்ற மருத்துவர் அமைப்பின் ஆய்வு 2018-இல் வெளியானது. முதல் இரண்டிலும் காசநோய் தலைவிரித்தாடுகிறது, மூன்றாவதில் மிகக் குறைவு என்றது அது. வித்தியாசம் எங்கே? முதல் இரண்டில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே 3 மீட்டர்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கீழ்த்தளத்தில் பட்டப்பகலிலும் டியூப்லைட். காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. வெயிலும் காற்றோட்டமும் இல்லாத அறை அதற்குச் சௌகரியம். இந்த நெருக்கம் ஏதோ மேஸ்திரி செய்த பிசகு என்று நினைக்க வேண்டாம். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களுக்கென்றே தளர்த்திய கட்டட விதிகளில் அதற்கு இடம் இருந்தது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே, வரைபடத்திலேயே நோய்க்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது.

ஏன் ஊருக்கு வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில், “நகருக்குள் இடம் எங்கே இருக்கிறது?” குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கிய காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பியது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அண்மையிலும் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. பெரும்பாக்கத்திலோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பினார்கள். பக்கத்துச் செம்மஞ்சேரிக் குடியிருப்பில் பெருமழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஆற்றங்கரையிலிருந்து கிளப்பிக் கொண்டுபோன இடம் இந்தப் பக்கம்தான்!

வேலைக்குப் போகத் தூரமாயிற்றே என்றால், “பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே” என்கிறார்கள். டிக்கெட் இலவசம், நேரம் இலவசமா? மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் முன்பு நடந்தே போய் வந்தார். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால்தான் ஏழு மணி வேலைக்குப் போய் நிற்க முடியும். லிப்ட் பழுதான நாளில் ஏழாவது மாடிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். தூக்கம் குறையும், காலைச் சாப்பாடு டீயும் பன்னுமாகும், சர்க்கரை மாத்திரை வாங்கப் போவது நாளுக்கு நாள் தள்ளிப்போகும். முடியாமல் வேலையை விட்டவர்களின் வருமானமே போயிற்று.

“அவர்கள் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை” என்பது கடைசி அஸ்திரம். கண்ணகி நகரின் முதல் கட்ட வீடு ஒவ்வொன்றும் 195 சதுர அடி. அதற்குள் ஐந்து பேர் படுத்து, சமைத்து, துணி உலர்த்திக் காட்டட்டும். அப்புறம் சுத்தத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் ஊரில் அடுத்த சாவி வழங்கும் விழா நடக்கும்போது தொகுதி எம்.எல்.ஏ.விடம் நாலு கேள்வி கேளுங்கள். இரண்டு பிளாக்குக்கு நடுவே எத்தனை மீட்டர்? கீழ்த்தளத்துக்கு வெயில் வருமா? ஆரம்ப சுகாதார நிலையம் இன்றைக்கே திறந்திருக்கிறதா? வேலைக்குப் போகக் காலை ஐந்து மணிக்கு பஸ் உண்டா? பதில் வராவிட்டால் ரிப்பன் வெட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.