காணக் கிடைத்தவற்றின் வரிசை

உலக சினிமாவின் தலைசிறந்த படங்கள் எவை என்று லண்டனிலிருந்து வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களைக் கேட்டுவருகிறது. 1952இல் தொடங்கிய இந்த வாக்கெடுப்பின் எட்டாவது முடிவு 2022 டிசம்பரில் வெளியானது. பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த ‘ழான் தியல்மான்’ முதலிடம் பெற்றது. பெண் ஒருவர் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. அன்று எழுந்த வாக்குவாதம் இன்னும் அடங்கவில்லை. திரைப்பட விழா வரிசைகளிலும், திரையிடல் முடிந்து நிற்கிற தேநீர்க் கடைகளிலும், நம் இதழுக்கு வருகிற கடிதங்களிலும் தொடர்கிறது. சினிமாவுக்காக இத்தனை அக்கறையோடு சண்டை போடும் வாசகர்கள் இருப்பது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றி நடக்க வேண்டும் என்பதில் நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

ஒரு தரப்பின் வாதம் இது: 2012 பட்டியலில் 36ஆம் இடத்தில் இருந்த படம் ஒரே தாவலில் உச்சிக்கு வருவது இயல்பல்ல, கலையை அளக்கிற கோலை எடுத்துவிட்டு அரசியல் கோலை வைத்துவிட்டார்கள். ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் திரைக்கதையை எழுதிய பால் ஷ்ரேடரே இதைப் பொதுவெளியில் எழுதினார். ‘ழான் தியல்மான்’ தனக்குப் பிடித்த, பெரிய படம் என்று ஒப்புக்கொண்ட அவர், இந்தத் திடீர் முதலிடம் அந்தப் படத்துக்கே நல்லதல்ல என்றார். மறுதரப்போ, எழுபது ஆண்டுகளாக ஆண்களின் படங்கள் மட்டுமே தலைமையில் இருந்தபோது யாருக்கும் அரசியல் தெரியவில்லையே என்று கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது. 2012இன் நூறு படங்களில் பெண்கள் இயக்கியவை இரண்டே இரண்டு. 2022இல் அவை பதினொன்று.

இரு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. முதலிடம் என்பது ஒரு தீர்ப்பு என்று இருவருமே நம்புகிறார்கள். எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது.

இந்த வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்ல வேண்டும். அந்தப் பத்துக்குள் வரிசை கிடையாது. எந்தப் படமானாலும் ஒரு வாக்குதான். 1952இல் 63 பேர் வாக்களித்தார்கள். முதலிடம் பெற்ற டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு 25 வாக்குகள். பத்தில் நான்கு பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். 2012இல் 846 பேர் வாக்களிக்க, ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 191 வாக்குகளோடு முதலிடம் வந்தது. நான்கில் ஒருவர்கூட இல்லை. 2022இல் வாக்களித்தவர்கள் 1639 பேர். ‘ழான் தியல்மான்’ பெற்றது 215. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் சொன்ன படம் அது. மீதி எண்பத்தேழு பேரின் பத்தில் அது இல்லை. இரண்டாமிடத்துக்குப் போன ‘வெர்டிகோ’வுக்கும் அதற்கும் இடைவெளி ஏழே வாக்குகள். இன்னும் ஏழு பேர் தங்கள் பத்தில் ‘வெர்டிகோ’வைச் சேர்த்திருந்தால் இரண்டும் சமமாகியிருக்கும். அப்போது இந்தக் கோபத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் பாதி வேலை இருந்திருக்காது.

இந்த எண்களில் தெரியும் பெரிய மாற்றம் முதலிடத்தில் நடந்ததல்ல. வாக்குகள் பரந்துவிட்டன என்பதுதான் அது. 2012இல் வாக்குப் பெற்ற படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். 2022இல் நாலாயிரத்துக்கு மேல். கேட்கப்பட்ட ஆட்கள் கூடினார்கள், அவர்கள் வாழும் நாடுகள் கூடின, அவர்கள் பார்த்த படங்கள் கூடின. எல்லோரும் ஒரே படத்தைச் சொன்ன காலம் முடிந்துவிட்டது. இதை ரசனையின் வீழ்ச்சி என்று சொல்கிறவர்கள், முன்பு இருந்த ஒற்றுமை எப்படி வந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஒற்றுமை வந்த வழியை ஒவ்வொரு படத்தின் கதையிலும் காணலாம். ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ 1941இல் வெளியானது. படம் தன்னைப் பற்றியது என்று கொதித்த பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், தன் நாளிதழ்களில் அதன் விளம்பரத்தைக்கூட வெளியிட விடவில்லை. போரினால் பிரான்ஸ் அதை 1946இல்தான் பார்த்தது. 1952இன் முதல் பத்தில் அந்தப் படம் இல்லை. ஐம்பதுகளின் நடுவில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பி வந்தது. 1962இல் முதலிடத்தைப் பிடித்தது. 2002 வரை ஐந்து முறை விடவில்லை. படம் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. பார்க்க முடிந்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது.

‘வெர்டிகோ’வின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1958இல் வந்த அந்தப் படம் பல ஆண்டுகள் திரையிடக் கிடைக்காமலே இருந்தது. 1982இல் முதல் பத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மறுபடி அரங்குகளுக்கு வந்தது. 1992இல் நான்காமிடம். 1996இல் மீட்டமைக்கப்பட்ட புதிய பிரதி. 2002இல் இரண்டாமிடம். 2012இல் முதலிடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்பரா லோடன் என்ற அமெரிக்க நடிகை 1970இல் தானே எழுதி, இயக்கி, நடித்த ஒரே முழுநீளப் படம் ‘வாண்டா’. 1980இல் அவர் இறந்துபோனார். மூடப்படவிருந்த ஒரு லேபிலிருந்து குப்பைக்குப் போகும் நேரத்தில் அதன் மூலப்பிரதி மீட்கப்பட்டது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் 2010இல் அதை மீட்டமைத்தது. 2022 பட்டியலில் ‘வாண்டா’ 48ஆவது. அந்த ரீல்களை யாரும் தூக்கி வராமல் இருந்திருந்தால் எந்த ரசனையும் எந்த அரசியலும் அந்தப் படத்துக்கு ஒரு வாக்கும் தந்திருக்க முடியாது.

‘ழான் தியல்மான்’ படமும் அப்படித்தான் காத்திருந்தது. 1975 கேன் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் காட்டப்பட்ட அது, அமெரிக்கத் திரையரங்குக்குப் போக 1983 ஆனது. வீட்டில் பார்க்கத் தக்க நல்ல டிவிடி அங்கே 2009இல் வந்தது. 2015இல் அகெர்மான் மறைந்தபின் அவருடைய படங்கள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. இந்தப் பாதையைப் பார்த்தால் அந்தத் தாவலில் மர்மம் இல்லை.

புதிய படங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்ற புகாருக்கும் வரலாறே பதில் சொல்கிறது. 1952இல் முதலிடம் பெற்றபோது ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ வெளியாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கேன் விழாவில் கேலிக்கூச்சலுக்கு ஆளான அந்தோனியோனியின் ‘லா அவென்தூரா’ இரண்டே ஆண்டுகளில், 1962இல், இரண்டாமிடத்தில் நின்றது. இன்று முன்னது 41, பின்னது 72. வெளியாகி மூன்றே ஆண்டுகளில், 2022இல், 30ஆம் இடத்துக்கு வந்த செலின் சியாமாவின் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்’ இனி என்ன ஆகும் என்பதையும் காலம் அதே வழியில் பார்த்துக்கொள்ளும். அலை அடிப்பது உண்மை. எல்லாப் பத்தாண்டிலும் அடித்திருக்கிறது.

அகெர்மானின் படத்தைப் பார்க்காமலே அதற்காகவும் எதிராகவும் பேசுகிறவர்கள் பலர். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லலாம். 201 நிமிடப் படம். பிரஸ்ஸல்ஸ் நகரில் பதின்வயது மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள். டெல்ஃபின் செய்ரிக் அந்தப் பெண்ணாக நடித்திருக்கிறார். அவள் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனின் காலணிக்குப் பாலிஷ் போடுகிறாள், அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வருகிறான். அவன் கொடுக்கும் பணம் சாப்பாட்டு மேசையிலுள்ள சூப்புப் பாத்திரத்துக்குள் போகிறது. காமிரா நகர்வதில்லை, நெருங்கிப் போவதும் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பார்க்கிறோம். இரண்டாம் நாள் கிழங்கு அடுப்பில் அதிகமாக வெந்துவிடுகிறது. அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அவள் பாத்திரத்தோடு வீட்டுக்குள் நடக்கிறாள். வேறு எந்தப் படத்திலும் கவனிக்காமல் விட்டிருப்போம். இங்கே, அவள் ஒழுங்கை ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பழகியதால் நெஞ்சு பதறுகிறது. இதை எடுத்தபோது அகெர்மானுக்கு இருபத்தைந்து வயது நிறையவில்லை. ஒளிப்பதிவாளர் பாபெத் மாங்கோல்த் உட்பட குழுவில் பெரும்பாலோர் பெண்கள். சினிமாவில் முத்தத்துக்கும் கார் விபத்துக்கும் இருக்கும் மதிப்பு பாத்திரம் கழுவுவதற்கு இல்லை என்று அகெர்மான் சொன்னதுண்டு. அந்த வரிசையைத்தான் அவர் மாற்றிப் பார்த்தார். பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. மூன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தபின் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ் ரசிகரின் உலக சினிமாவும் காணக் கிடைத்ததைக் கொண்டே உருவானது. ஒரு தலைமுறைக்கு அது பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து திரைப்படச் சங்கங்களுக்கு வந்த பிரதிகள். அடுத்த தலைமுறைக்கு பர்மா பஜார் டிவிடி. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியும் கொரிய இயக்குநர் கிம் கி-டுக்கும் நமக்கு ஊர்க்காரர்களைப் போல் ஆனது அந்தக் கடைகளால். அகெர்மான் நம் பேச்சில் அரிதாக இருந்ததற்கும் அதுவே காரணம். ரசனை என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, யாரோ ஒரு கடைக்காரர் அடுக்கி வைத்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறதோ அந்தச் சுவைதான் நாக்குக்குப் பழகும்.

பட்டியலில் தமிழ்ப் படம் ஏன் இல்லை என்று ஆதங்கப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறோம். 2022இன் நூறில் உள்ள ஒரே இந்தியப் படம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, 35ஆம் இடம். அதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நேர்ந்த தீயில் கருகியது. எரிந்த சுருள்களை வைத்திருந்து, இத்தாலியின் பொலோஞா நகர லேபில் சட்டகம் சட்டகமாகச் செப்பனிட்டு, 2015இல் மறுபடி உலகுக்குக் கொடுத்தார்கள். தமிழில் அந்தக் கவலை நமக்கு இருந்திருக்கிறதா? நம் முதல் மௌனப் படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இன் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. பாலு மகேந்திரா தம் ‘வீடு’ படத்தின் நெகட்டிவ் அழிந்துபோனதைச் சொல்லி வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ‘டைம்’ பத்திரிகையின் விமர்சகர்கள் இருவர் 2005இல் நூறு படங்களைத் தேர்ந்தபோது ‘நாயகன்’ அதில் இடம்பெற்றது. அதை நாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ படத்தைப் பார்க்க விரும்பினால் கையில் கொடுக்க நம்மிடம் என்ன தரத்தில் பிரதி இருக்கிறது? நேர்த்தியான துணைத்தலைப்பு இருக்கிறதா? அந்தப் படத்தைப் பற்றி அவர் படிக்கக்கூடிய ஒரு கட்டுரையாவது இருக்கிறதா? மலையாளத்தில் அரவிந்தனின் ‘தம்பு’ மீட்டமைக்கப்பட்டு 2022இல் கேன் விழாவுக்குப் போனது. மணிப்பூரின் ‘இஷானோ’ 2023இல் போனது. நம் படங்களுக்கும் அந்தப் பராமரிப்பு வேண்டும். பார்க்க முடியாத படத்துக்கு ஒருவரும் வாக்களிக்கப் போவதில்லை.

ஆகவே இந்த இதழ் ஒரு வேலையைத் தொடங்குகிறது. வாசகர்கள் தங்கள் பத்துப் படங்களை எழுதி அனுப்பலாம். வரிசை எண் வேண்டாம். நாங்களும் கூட்டிக் கழித்து முதலிடம் அறிவிக்கப் போவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு குறிப்புகள் வேண்டும்: ஏன் அந்தப் படம் என்பது ஒன்று, அதை எங்கே, எந்த வடிவில் பார்த்தீர்கள் என்பது மற்றொன்று. திரையரங்கிலா, சங்கத்திலா, தொலைக்காட்சியிலா, தேய்ந்த டிவிடியிலா என்று எழுதுங்கள். பார்க்க விரும்பித் தேடியும் கிடைக்காத தமிழ்ப் படங்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்களைத் தொகுத்து வெளியிடுவோம். தமிழக அரசிடமும் தயாரிப்பாளர்களிடமும் கொண்டுபோவோம்.

அடுத்த வாக்கெடுப்பு வழக்கப்படி 2032இல் வரும். அதில் எந்தப் படம் முதலில் வரும் என்று ஊகிப்பதை விட, அதற்குள் தமிழின் ஐந்து படங்களையாவது நல்ல பிரதியில், நல்ல துணைத்தலைப்போடு, உலகின் எந்த ஊரிலும் ஒருவர் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகச் சண்டை போடுவோம். அந்தச் சண்டைக்கு நம் பக்கங்கள் எப்போதும் திறந்திருக்கும்.

— ஆசிரியர் குழு