இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கலாமா?



சென்ற வாரம் ஜாலான் புசாரில் ஒரு காப்பிக் கடையில் நம்மைத் தேடி ஒரு பெரியவர் வந்தார். ஜொகூர்த் தோட்டமொன்றில் அம்மாவுக்குப் பால் வாளி தூக்கிய பிள்ளை. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெற்றோரோடு சிங்கப்பூர் வந்து, குடியுரிமை பெற்று, உழைத்து ஓய்ந்தவர். இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை நோய் உண்டு, இருதயத்திலும் கோளாறு. கையில் ஒரு காப்புறுதிப் படிவம்.

“தம்பி, வேற கம்பெனிக்கு மாறுனா சந்தா கொறையும்ங்கறான் ஏஜெண்டு. எல்லாத்தையும் நிறுத்திப்புடுங்கறான் மகன். நிறுத்திட்டா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப்பா போறது?”

இது ஒரு வீட்டுக் கேள்வி அல்ல. நம் மூத்தவர்கள் பலர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. ஆகவே விளக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலில் பயத்தை விடுங்கள். 2015 நவம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த மெடிஷீல்ட் லைஃப், சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உரியது. பழைய நோய் இருந்தாலும் உண்டு. உயிர் உள்ளவரை உண்டு. அதை எந்த ஏஜெண்டும் பறிக்க முடியாது. பொது மருத்துவமனையின் பி2, சி வார்டுச் செலவைக் கணக்கில் வைத்தே அது வகுக்கப்பட்டது. 1949 முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு அதன் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கு 5 விழுக்காடும், 75 வயதுக்குப் பிறகு 10 விழுக்காடும் கூடுதல் கழிவு உண்டு.

பெரியவரை உலுக்குவது அதன் மேல் கட்டிய மாடி. ஏ வார்டு, பி1 வார்டு, தனியார் மருத்துவமனை வேண்டுமென்று தனியார் கம்பெனியிடம் எடுத்த ஒருங்கிணைந்த திட்டம் அது. வயது ஏற ஏற அந்த மாடியின் வாடகை ஏறும். 71 வயதுக்கு மேல் அந்தத் தனியார் பகுதிக்காக மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 900 வெள்ளி வரைதான் எடுக்கலாம். மிச்சத்தைக் கைக்காசாகக் கட்ட வேண்டும். ரைடர் என்ற கூடுதல் காப்புறுதிக்கோ ஒரு காசுகூட மெடிசேவில் எடுக்க முடியாது.

சரி, என்ன செய்வது?

கம்பெனி மாறினால், புதுக் கம்பெனி உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்கும். சர்க்கரையையும் இருதயத்தையும் விலக்கிவிட்டு மற்றதற்கு மட்டும் காப்புறுதி தரலாம், சேர்க்கவே மறுக்கலாம். பல கம்பெனிகள் 75 வயதுக்கு மேல் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. ஒருவருக்கு ஒரு ஒருங்கிணைந்த திட்டம்தான் இருக்க முடியும். புதியது தொடங்கியதும் பழையது போய்விடும். எந்த நோய்க்காக இத்தனை வருஷம் சந்தா கட்டினாரோ, அந்த நோய்க்கே மாடியில் இடமில்லாமல் போகும். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடித்த கதைதான்!

அதே கம்பெனியில் ஒரு படி கீழே இறங்கினால், பெரும்பாலும் உடல்நிலை விசாரணை இல்லை. சந்தாவும் குறையும். ஆனால் பிறகு மேலே ஏற நினைத்தால் விசாரணை உண்டு.

தனியார் பகுதியை அடியோடு நிறுத்தினாலும், கீழே இருக்கும் மெடிஷீல்ட் லைஃப் அப்படியே நிற்கும். பி2, சி வார்டு போதுமென்று மனம் ஒப்பினால் அது ஒன்றும் கேவலமில்லை. அங்கேயும் அதே வைத்தியம்தான். ஆனால் மகன் சொன்னதற்காக அல்ல, பெரியவர் தாமே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

தோழர்களே! தோட்டத்தில் நம் தாய் தகப்பன்மார் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே எத்தனை காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள்! தோட்டம் கைமாறிய அன்று லயமும் போயிற்று, தோட்டத்து ஆஸ்பத்திரியும் போயிற்று. வேலையில் தொங்கிய உரிமை வேலையோடு போனது. இன்று நம் மூத்தவர்களுக்கு இருப்பது வேலையில் தொங்கும் உரிமை அல்ல. அதனால்தான் அதன் கணக்கை அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் கேளுங்கள்: “எந்தெந்த நோய்க்குப் பணம் கிடைக்காது? எழுத்தில் கொடு. எண்பது வயசுல சந்தா எவ்வளவு? அதையும் எழுதிக் கொடு.” பதில் எழுத்தில் வரும்வரை பழையதை விடாதீர்கள். இருக்கிற நோயை மறைத்து ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் பணம் கேட்கும்போது அதுவே குழி பறிக்கும்.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்லுகிறோம். விலக்கிய நோய்களின் பட்டியலை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழிலும் அச்சிடுங்கள். வியாபாரம் நேர்மையானதென்றால் இதற்கு என்ன தடை?

பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவின் காகிதங்களை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாய்ப் படித்துச் சொல்லுங்கள். நம்மிடம் வந்த பெரியவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேம்பா” என்று எழுந்தார். அந்த யோசனைதான் வேண்டும்.