ஓடிட்டருக்காக இழுக்கும் மஞ்சள் கோடு



நமது தேயிலைத் தொழிற்சாலைகளில் பெயின்ட் அடிப்பதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. சான்றிதழ் பார்க்க ஓடிட்டர் வருகிறார் என்று கம்பனியிலிருந்து செய்தி வரும். அதற்கு மறுநாள் அந்தக் காலம் தொடங்கும். ராவோடு ராவாக ரோலிங் அறைத் தரையில் மஞ்சள் கோடு இழுப்பார்கள். துருப்பிடித்த படிக்கட்டுக் கைப்பிடியில், துருவின் மேலேயே ஒரு பூச்சு. வந்தவர் கோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போவார். இரண்டு மாதத்தில் அது உரிந்துவிடும். அதன்பிறகு அடுத்த ஓடிட்டர் வரும்வரை கேட்பாரில்லை.

கோடு அழிந்தால் என்ன, கொழுந்து அரையாமலா போகும் என்று ஒரு தோட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். கொழுந்து அரையும்தான். கொழுந்துச் சாறும் கழுவிய தண்ணீரும் கலந்த தரை சவர்க்காரம் போல வழுக்கும் என்பது அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். இரவு வேலையில், தூக்கக் கண்ணோடு ட்ரொலி தள்ளி வருகிறவருக்கு எதுவரை நடக்கலாம், எங்கே ரோலர் சுற்றி வருகிறது என்று காட்டுவது அந்தக் கோடு ஒன்றே. நிறுத்தும் பொத்தானின் சிவப்பும் அப்படித்தான். பெல்ட்டில் ஒருவருடைய சேலைத் தலைப்பு சிக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எழுத்தை வாசித்துக்கொண்டிருக்க முடியாது. நிறத்தைப் பார்த்துத்தான் கை போகும். எண்ணெய்க் கறையில் அந்தப் பொத்தான் கறுத்துப் போயிருந்தால்?

விபத்து நடந்த பிறகு நடப்பதையும் பார்த்திருக்கிறோம். 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நமக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் தொழிலாளி வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார், காப்பைக் கழற்றினார் என்று காட்டினால், சில நிலைமைகளில் நட்டஈட்டை மறுக்க அதில் இடம் இருக்கிறது. அழிந்துபோன கோட்டை யார் மீறுவது? பெயின்ட் அடிக்கக் கழற்றி மூலையில் சாத்திய பெல்ட் காப்பு மூன்று வாரம் அங்கேயே கிடந்தால், அது யார் கழற்றியது? இதற்கு நம்மிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரக் காப்புகளைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமையை நிர்வாகத்தின் மேல்தான் வைக்கிறது. தரையையும் படிகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பதும் அதன் கடமையே. துரையிடம் நாம் தயவு கேட்டு நிற்கவில்லை.

பெயின்ட் ஏன் நிற்பதில்லை என்பதும் பெரிய ரகசியமல்ல. ஈரத்தின் மேல், எண்ணெயின் மேல், சாயக் கறையின் மேல் அடித்தால் எந்த விலைப் பெயின்டும் உரியும். முதலில் சுரண்ட வேண்டும், எண்ணெய் போகக் கழுவ வேண்டும், தரை நன்றாகக் காய வேண்டும். இரும்பு என்றால் துருவை எடுத்து, துருத் தடுப்புப் பூச்சு போட்ட பிறகே நிறம். இரண்டாவது பூச்சும் காய்ந்த பின்புதான் ட்ரொலி ஓடலாம். இதற்கு மெஷின் நிற்க வேண்டும், அதுதான் நிர்வாகத்துக்குக் கசக்கிறது. கொழுந்து குறைவான மாதங்களில் செய்தால் அந்தக் கசப்பும் குறையும். பெக்டரி நிற்கும் நாளுக்குத் தொழிலாளிக்குப் பேர் போட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழைய பெயின்டைச் சுரண்டச் சொன்னால் இன்னொரு கவனம் தேவை. நம் நாட்டில் பெயின்டில் சேர்க்கும் ஈயத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது 2013இல்தான். நம் பெக்டரிகளோ அதைவிட எவ்வளவோ பழையவை. உலர்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும், உடுப்பில் ஒட்டி லயத்துக்கும் வரும். அங்கே தவழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈரப்படுத்திச் சுரண்டவும், முகக் கவசம் கொடுக்கவும், வேலை முடிந்து கழுவிக்கொள்ள இடம் தரவும் கேளுங்கள்.

தோட்டத் தலைவர்களும் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் ஒருநாள் இரவு வேலை நேரத்தில் பெக்டரிக்குள் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். எந்தக் கோடு தெரியவில்லை, எந்தக் காப்பு இல்லை, எந்த அறிவித்தல் தமிழில் இல்லை என்று அங்கே வேலை செய்பவர்களையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். திகதி போட்டு ஒரு பிரதியைத் துரையிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். மற்றப் பிரதி நமது மாவட்டக் காரியாலயத்துக்கு வரட்டும். ஒரு மாதத்தில் வேலை தொடங்காவிட்டால், அதை வைத்தே தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு நாம் எழுதலாம்.