வேலியில் ஒரு பொட்டு

சிற்றூர் வாழ்வு எத்தகையது என்பதை அறிய விரும்புவோருக்கு நமது அரியாலையையே காட்டலாம். யாழ் நகருக்குக் கிழக்கே, கண்டி வீதியை ஒட்டி, கடனீரேரிக் கரையில் அமைந்தது இவ்வூர்.

முன்னாளில் வளவுக்கு வளவு கிடுகு வேலி இருந்தது. வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. வேலி உரிமையைக் காத்தது. பொட்டு உறவைக் காத்தது. அடுப்புக்குத் தணலும், கறிக்கு முருங்கையிலையும், ஆபத்துக்கு ஆள்துணையும் அவ்வழியே வந்தன. ஊர்வம்பும் அவ்வழியேதான் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சிற்றூரில் அந்தரங்கம் குறைவு. ஆனால் அநாதரவும் குறைவு.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள், போருக்கு அஞ்சிய வலிகாமத்து மக்கள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அரியாலையும் வெறிச்சோடிற்று. பின்னர் மீண்டவர் பலர். கடல் கடந்தோரும் பலர்.

இன்று கிடுகு வேலி நின்ற இடங்களில் மதில்கள் எழுகின்றன. ஆளில்லா வீட்டுக்கு மதில் காவல்தான். ஆயினும் அடுத்த வளவில் தனித்திருக்கும் முதியவர் நள்ளிரவில் குரல் கொடுத்தால் நாம் எவ்வழியே ஓடுவது?

மதில் கட்டுவோர் கட்டுக. அயலவர் பக்கம் சிறு படலை ஒன்றும் வைக்க மறவாதிருப்பாராக.