விடுதியைப் பூட்டினர்; மாணவனை மறந்தனர்

2020ஆம் ஆண்டு பங்குனியில், கொரோனா நோய்க்கு அஞ்சிப் பல்கலைக்கழகங்களை அரசு மூடிற்று. மூடியதை நாம் குறை கூறோம். நோய்க் காலத்தில் கூட்டத்தைக் கலைப்பது முறையே. ஆனால், வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவன் அங்கே எதைக் கொண்டு படிப்பான் என்று கேட்டவர் யார்?

"இணையவழி விரிவுரை உண்டு" என்றனர். நல்லது. விரிவுரையைக் கேட்கக் கைபேசி வேண்டும். கைபேசிக்கு அலை வேண்டும். மலையகத்து லயத்து அறையிலும் வன்னியின் ஒதுக்குக் கிராமத்திலும் இவையிரண்டும் ஒருங்கே கிடைத்தனவா? ஊரடங்கிலே விளைந்த மரக்கறியை விற்க வழியற்றிருந்த கமக்காரர், மகனுக்குக் கைபேசி வாங்குவது எங்ஙனம்?

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுவதற்கான சமவுரிமையை உறுதிசெய்தல் அரசின் குறிக்கோள் எனப் பகர்கின்றது. சற்றே தள்ளிப் படியுங்கள்: இதனை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாது என்கின்றது 29ஆம் உறுப்புரை! காணி உறுதியொன்றை நாம் இவ்வாறு எழுதிக் கொடுத்தால் எந்தக் கமக்காரர் கையொப்பமிடுவார்?

பரீட்சை எப்போதென்று அறியாது அடைபட்டுக் கிடந்த பிள்ளையின் மனத்துயரை, அவன் தாய்மொழியிற் கேட்டறிய ஆள் வேண்டாமா? "இளம் பிள்ளைதானே, தாங்குவான்" என்று வீட்டிலிருந்த நாமும் சொன்னோம். அப்பழி எமக்கும் உண்டு.

அடுத்த நோய் வருமுன், வீட்டிற் படிக்க வசதியற்றோருக்கு விடுதியிலே தனியறையும், தடையற்ற உதவிப்பணமும், தமிழ் பேசும் உளவளத்துணையாளரும் வேண்டுமெனக் கேட்கின்றோம். இதற்குச் சுற்றறிக்கை போதாது; ஒன்றை மற்றொன்று விழுங்கிவிடும். வழக்கிடத்தக்க உரிமையாகச் சட்டத்தில் எழுதித் தருக.